சார்லஸ் டி கோல்: ஹிட்லரை எதிர்த்த ஜெனரலும் டவுன் சிண்ட்ரோம் மகளும் - பலருக்குத் தெரியாத குடும்பக் கதை

1933ஆம் வருஷம் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் உள்ள பெனோதே கடற்கரை. கோடை விடுமுறை. கடற்கரைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கோட்டு சூட்டோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. உலகமே கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில், இவர் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதர் சார்லஸ் டி கோல். ஏழு வருஷம் கழித்து, ஹிட்லரிடம் பிரான்ஸ் மண்டியிட்டபோது லண்டனிலிருந்து வானொலியில் பேசி, போர் முடியவில்லை என்று அறிவித்தவர். பிறகு பிரான்ஸின் அதிபர். பாரிஸுக்கு விமானம் ஏறியவர்கள் இறங்கிய விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

மடியில் இருக்கும் குழந்தை அவருடைய கடைசி மகள் ஆன். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள்.

டி கோல் என்றாலே இறுக்கமான ஆள், யாரிடமும் ஒட்டாதவர், சர்ச்சிலையே கடுப்பேற்றியவர் என்றுதான் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். அதெல்லாம் பொய்யில்லை. ஆனா வீட்டுக்குள்ளே வேறொரு ஆள் இருந்தார்.

பிஸ்கட் கம்பெனி வீட்டுப் பெண்ணும் ராணுவக் கேப்டனும்

டி கோல் பிறந்தது 1890 நவம்பர் 22, வடக்கு பிரான்ஸின் லீல் நகரத்தில். அப்பா ஆசிரியர், இயேசு சபைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஞாயிறு திருப்பலி, வீட்டு ஜெபம், நோன்பு எல்லாம் மூச்சு மாதிரி இயல்பாக இருந்த கத்தோலிக்கக் குடும்பம். முதல் உலகப் போரில் 1916இல் வெர்டன் போர்முனையில் காயம்பட்டு ஜெர்மானியர்களிடம் சிக்கினார். சிறையிலிருந்து ஐந்து தடவை தப்பிக்கப் பார்த்தார், ஐந்தும் தோல்வி. அவருடைய உயரம்தான் காட்டிக்கொடுத்திருக்கும்! ஆறடி நாலு அங்குலத்துக்கு மேல் இருப்பவர் எங்கே போய் ஒளிவது?

போர் முடிந்து வந்தவருக்குக் கலே நகரத்தில் பெண் பார்த்தார்கள். இவோன் வாந்த்ரூ. பிஸ்கட் தயாரிக்கும் தொழில் நடத்திய வசதியான குடும்பம், அவர்களும் தீவிரக் கத்தோலிக்கர்கள். 1921 ஏப்ரலில் கல்யாணம். அந்த வருஷக் கடைசியிலேயே மகன் பிலிப் பிறந்தான். 1924இல் மகள் எலிசபெத். மூன்றாவதாக 1928 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு அன்று, ஆன்.

பிறந்த இடம் ஜெர்மனியின் ட்ரியர் நகரம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த காலம். டி கோல் அங்கே ஒரு படைப்பிரிவின் தலைவராக இருந்தார்.

குழந்தைக்கு என்னவோ சரியில்லை என்று பெற்றோருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் டவுன் சிண்ட்ரோம் என்றால்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1928இல் இதற்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தக் குழந்தைகளின் அடையாளங்களை விவரித்தார். அவர்களுடைய முகச்சாயலை வைத்து ஒரு இனத்தின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார். மங்கோலிசம் என்ற அந்தப் பெயர் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடியது. 1960களில் மங்கோலிய நாடே ஆட்சேபித்த பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது.

காரணமும் தெரியாது. குடிப்பழக்கம், பால்வினை நோய், கர்ப்ப காலத்து அதிர்ச்சி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெற்றோர் செய்த ஏதோ தப்பு என்ற பேச்சு கூடவே வரும். நம்ம ஊரில் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்பார்களே, அதே கதைதான் அங்கேயும். அப்படிப் பிறந்த குழந்தைகள் பத்து வயதைத் தாண்டுவதே பெரிய விஷயமாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வராத காலம். இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் கிடையாது. நெஞ்சில் சளி கட்டினால் அத்தோடு முடிந்தது.

வசதியான குடும்பங்களில் என்ன செய்வார்கள்? குழந்தையைச் சத்தமில்லாமல் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். சில வீடுகளில் அந்தக் குழந்தை இருந்ததே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

டி கோல் குடும்பம் அதைச் செய்யவில்லை. குழந்தையைப் பிரியக்கூடாது, வீட்டிலேயே வளர்க்க வேண்டும் என்று இருவரும் முடிவு எடுத்தார்கள். ராணுவ அதிகாரி வீடு என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர். 1929இல் லெபனானின் பெய்ரூட்டுக்கு மாற்றல் வந்தபோதும், ஆன் கூடவே போனாள்.

இதை ஏதோ புனிதர் கதை மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. வலி இல்லாமல் இல்லை. மகள் மற்ற குழந்தைகளைப் போலக் கொஞ்சமாவது இருக்க முடியுமென்றால் ஆரோக்கியம், பணம், பதவி உயர்வு எல்லாவற்றையும் தானும் கணவரும் விட்டுக்கொடுக்கத் தயார் என்று இவோன் அந்தக் காலத்திலேயே ஒரு தோழிக்கு எழுதியிருக்கிறார். ஜெபம் செய்தார்கள், டாக்டர்களைப் பார்த்தார்கள். குழந்தை மாறவில்லை.

தொப்பியைக் கொடுத்த அப்பா

ஆனுக்கு டவுன் சிண்ட்ரோமின் பாதிப்பு கடுமையாக இருந்தது. தனியாக நடப்பது கஷ்டம். தானாகச் சாப்பிட முடியாது. பார்வையும் பலவீனம். பேச்சு வரவில்லை. அவள் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை "பாப்பா". பிரெஞ்சில் அதற்கு அப்பா என்று அர்த்தம்.

(டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு வயதிலேயே பயிற்சியும் பேச்சு சிகிச்சையும் கிடைக்கும் இன்றைய குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். ஆனுக்கு அந்த வாய்ப்பு எதுவும் இல்லை.)

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டி கோல் நேராகப் போவது அவளிடம்தான். பாட்டுப் பாடுவார். கைதட்டி ஆடுவார். முகத்தைக் கோணி நடித்துக் காட்டுவார். தன் ராணுவத் தொப்பியை அவளிடம் கொடுத்து விளையாட விடுவார். ராணுவத்தில் அந்தத் தொப்பியைப் பார்த்தாலே சிப்பாய்கள் விறைத்து நிற்பார்கள், இங்கே அது விளையாட்டுச் சாமான். சாயங்காலத்தில் தோட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வைப்பார். ராத்திரி தூங்க வைப்பதும் அவரே. மூத்த பிள்ளைகள் இரண்டு பேரிடமும் அவர் இவ்வளவு நெகிழ்ந்து பழகியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் அந்தக் காலத்து அப்பா மாதிரி கறாராகத்தான் இருந்தார்.

எல்லாப் பெருமையையும் அப்பாவுக்கே கொடுத்துவிடுவது நியாயமில்லை. பாட்டுப் பாடுகிற அப்பா சரி, நாள் முழுக்கக் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியது யார்? இவோனும், ஆனைக் கவனிக்கவே அமர்த்தப்பட்ட ஒரு செவிலிப் பெண்ணும். அந்தச் செவிலி போர்க்காலத்தில் நாடு விட்டு நாடு போனபோதும் குடும்பத்தோடு வந்தார். வரலாறு எப்போதும் போல இவர்களுக்கு ரெண்டு வரிதான் ஒதுக்கியிருக்கிறது.

1934இல் கிழக்கு பிரான்ஸில் கொலம்பே என்ற சின்னக் கிராமத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். பெயர் லா புவாசெரி. கையில் மொத்தப் பணம் இல்லை. கொஞ்சம் முன்பணம், மீதியை வீட்டை விற்றவருக்கு ஆயுள் முழுக்கத் தவணையாகக் கொடுப்பது என்று ஒப்பந்தம். பாரிஸுக்கும் கிழக்கு எல்லை ராணுவ முகாம்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு காரணம். ஊர்க் கண்கள் படாமல், ஆன் நிம்மதியாக நடமாட ஒரு பெரிய தோட்டம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். பிற்காலத்தில் உலகத் தலைவர்கள் தேடி வந்த அந்த வீடு இப்படி வந்ததுதான்.

1940 ஜூன்: அந்த ஒரு வாரம்

1940 மே மாதம் ஜெர்மன் டாங்கிகள் பிரான்ஸுக்குள் புகுந்தன. டி கோல் அப்போது நான்காவது கவசப் படைப்பிரிவின் தளபதி. அந்தச் சண்டைக்கு நடுவில், தன் படைப்பிரிவின் பாதிரியாரிடம் மகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆன் பிறந்தது தனக்கும் மனைவிக்கும் பெரிய சோதனை. ஆனாலும் அவள் தனக்கு மகிழ்ச்சி, பலம், கடவுள் தந்த அருள். தோல்விகளையும் பாராட்டுகளையும் தாண்டி மேலே பார்க்க அவள்தான் உதவுகிறாள் என்பது அவர் பேச்சின் சாரம்.

ஜூன் 17ஆம் தேதி அவர் லண்டனுக்குப் பறந்தார். மறுநாள், ஜூன் 18, பிபிசி வானொலியில் அந்தப் புகழ்பெற்ற பேச்சு. அந்த மைக் முன்னால் உட்கார்ந்தபோது மனைவியும் மூன்று பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்ற உறுதியான தகவல் அவரிடம் இல்லை.

அவர்கள் பிரிட்டனி கடற்கரைப் பகுதியில் இருந்தார்கள். ஜெர்மன் படை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களைத் தேடி அழைத்துவர பிரிட்டன் ஒரு சிறிய கடல் விமானத்தை அனுப்பியது. அது பிரிட்டனியிலேயே விழுந்து நொறுங்கி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். இவோன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நடக்க முடியாத 12 வயது மகள், மற்ற இரண்டு பிள்ளைகள், செவிலி எல்லாரையும் கூட்டிக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டார். இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் கணவர் வானொலியில் பேசிய விஷயமே தெரிந்தது.

அந்தக் கப்பல் கிடைக்காமல் போயிருந்தால்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 1940 ஆகஸ்டில் பிரான்ஸின் விஷி அரசு டி கோலுக்கு, அவர் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. அவர் குடும்பம் சிக்கியிருந்தால் பணயக் கைதிதான். ஆனுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. அவள் பிறந்த அதே ஜெர்மனியில், 1939 முதல், மனவளர்ச்சி குன்றியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் நாஜி அரசு திட்டம் போட்டுக் கொன்றுகொண்டிருந்தது. வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று டாக்டர்களே பட்டியல் போட்டார்கள். 1941 ஆகஸ்டுக்குள் விஷவாயு அறைகளில் மட்டும் சுமார் 70,000 பேர் கொல்லப்பட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தவர்கள். மன்ஸ்டர் நகரத்துக் கத்தோலிக்க ஆயர் வான் காலன் அந்த மாதம் கோயில் பிரசங்கத்திலேயே இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மையத் திட்டம் நிறுத்தப்பட்டாலும், பட்டினி போட்டும் ஊசி போட்டும் கொல்வது போர் முடியும் வரை தொடர்ந்தது.

பிரான்ஸின் நிலைமையும் பெரிய யோக்கியம் இல்லை. போர்க்கால ரேஷனில் மனநலக் காப்பகங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகாமல், உள்ளே இருந்தவர்களில் சுமார் 45,000 பேர் பசியாலும் அது கொண்டுவந்த நோய்களாலும் இறந்தார்கள். 1928இல் இவோனும் சார்லஸும் ஊரோடு ஒத்துப்போய் மகளைக் காப்பகத்தில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் நிம்மதி இல்லை. லண்டன் மேல் குண்டு விழ ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தில் ஆன் மிரண்டுபோனாள். குடும்பம் தொலைவில் உள்ள ஷ்ரோப்ஷயருக்கு மாறியது. டி கோல் லண்டனில் வேலை பார்த்துவிட்டு, முடிகிறபோது ரயில் பிடித்து வந்து பார்ப்பார். 1943இல் அல்ஜியர்ஸ், 1944இல் விடுதலையான பாரிஸ். எங்கே போனாலும் ஆனுக்கு ஒரு அறை இருந்தது.

தங்களுக்குப் பிறகு யார்?

இப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் எந்த வீட்டிலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். நாம போயிட்டா இவளை யார் பார்த்துப்பாங்க?

டி கோலுக்கு 1945இல் 55 வயது நெருங்கியது. பெரிய சொத்து இல்லை. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் ஆன் டி கோல் அறக்கட்டளை. பாரிஸுக்குத் தென்மேற்கே மிலோன் லா சப்பேல் என்ற ஊரில் வெர் கர் என்ற பழைய மாளிகையை வாங்கி, மனவளர்ச்சி குன்றிய, வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்கான இல்லமாக மாற்றினார்கள். தங்களுக்குப் பிறகு ஆனும் அங்கே இருக்கலாம், அவளை மாதிரி மற்றவர்களும் இருக்கலாம் என்பது திட்டம். கன்னியர்கள் அங்கே சேவை செய்தார்கள். பின்னாளில் டி கோல் எழுதிய போர் நினைவுக் குறிப்புகள் மூன்று பாகங்களாக 1954 முதல் 1959 வரை வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றபோது, ராயல்டி இந்த அறக்கட்டளைக்குத்தான் போனது. அறக்கட்டளையின் கணக்கு வழக்கை ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? ஜார்ஜ் பாம்பிடு. டி கோலுக்கு அடுத்து பிரான்ஸின் அதிபரானாரே, அவரேதான்.

ஆனா ஆன் அங்கே போய் வாழ வேண்டிய அவசியம் வரவில்லை.

1946 ஜனவரியில் டி கோல் ஆட்சிப் பொறுப்பை உதறிவிட்டு வந்தார். போரில் சேதமான கொலம்பே வீட்டைச் சரிசெய்து அங்கே குடியேறினார்கள். எலிசபெத்தும் பிலிப்பும் கல்யாணமாகித் தனிக்குடும்பமாகிவிட்டார்கள். வீட்டில் மூன்று பேர், அப்பா, அம்மா, ஆன். 1948 குளிர்காலத்தில் அவளுக்கு மார்புச் சளி பிடித்து நிமோனியாவானது. பிப்ரவரி 6ஆம் தேதி, அப்பாவின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. வயது 20.

கொலம்பே கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது டி கோல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது அவளும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டாள் என்ற பொருள்பட ஏதோ சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் குறிப்பிடுகின்றன. இருபது வருஷத்துக்கு முன் இவோன் தோழிக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும்.

1959 ஜனவரி: ஒரே மாதத்தில் இரண்டு விஷயங்கள்

1959 ஜனவரி 8ஆம் தேதி டி கோல் பிரான்ஸின் அதிபராகப் பொறுப்பேற்றார். அதே மாதம் 26ஆம் தேதி, பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பு வாசிக்கப்பட்டது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் செல்களில் 46க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருக்கின்றன என்று அது சொன்னது. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமண்ட் டர்பின் என்ற மூன்று பிரெஞ்சு டாக்டர்களின் கண்டுபிடிப்பு. (செல்களை வளர்த்து அந்தப் பரிசோதனைக்கே வழி செய்த கோத்தியேவுக்கு உரிய பெயர் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆனது தனிக்கதை.)

அதாவது, குடியும் இல்லை, பாவமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது செல் பிரிவதில் நடக்கும் ஒரு பிசகு. பெற்றோர் யார் மேலும் குற்றம் இல்லை. ஆன் இறந்து பதினோரு வருஷம் கழித்து அந்தப் பதில் வந்தது.

அதிபர் மாளிகையான எலிசேயில் டி கோல் ஒரு சின்ன ஜெப அறையை அமைத்துக்கொண்டார். குருவாக இருந்த அவர் உறவினர் வந்து அங்கே திருப்பலி நிறைவேற்றுவார். மதச்சார்பற்ற நாட்டின் அதிபர் என்பதால் அரசு விழாக்களில் நடக்கும் திருப்பலிகளில் பொதுவாக நற்கருணை வாங்காமல் தவிர்த்தார். விசுவாசம் வேறு, பதவி வேறு என்பதில் அவ்வளவு கறார்.

1962 ஆகஸ்டில் நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த மாதம் 16ஆம் தேதிதான் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தன. அப்போது பிரெஞ்சு அதிபர் டி கோல்தான். சரியாக ஆறு நாள் கழித்து, 22ஆம் தேதி, பாரிஸ் அருகே பெட்டி கிளமார் என்ற இடத்தில் அவருடைய கார் மேல் சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு நடந்தது. அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் ஆத்திரமடைந்த கும்பல். காரில் 14 தோட்டாக்கள் பாய்ந்தன. டி கோலுக்கும் பக்கத்தில் இருந்த இவோனுக்கும் ஒரு கீறல் கூட இல்லை. அவர் எப்போதும் கூட வைத்திருந்த ஆனின் படத்துச் சட்டத்தில் ஒரு தோட்டா பாய்ந்து நின்றது, மகள்தான் அப்பாவைக் காப்பாற்றினாள் என்று ஒரு கதை இன்றும் பலராலும் பகிரப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுதியான ஆதாரத்தோடு அதை நிறுவியவர்களைக் காணோம். பஞ்சரான டயர்களோடும் காரை நிறுத்தாமல் விரட்டிய டிரைவரின் திறமைக்கு அன்று பெரிய பங்கு உண்டு.

இறுதிச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று டி கோல் 1952இலேயே எழுதி வைத்துவிட்டார். அரசு மரியாதை வேண்டாம். அதிபர், அமைச்சர் யாரும் வர வேண்டாம். இசை வேண்டாம், புகழுரை வேண்டாம். கொலம்பேயில், ஆன் ஏற்கெனவே படுத்திருக்கும் இடத்திலேயே தன்னையும் வைக்க வேண்டும், ஒருநாள் மனைவியும் அங்கேயே வருவார். கல்லில் பெயரும் பிறந்த, இறந்த வருஷங்களும் போதும்.

1970 நவம்பர் 9ஆம் தேதி சாயங்காலம், லா புவாசெரி வீட்டில் சீட்டுக்கட்டை விரித்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தபோது ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்தார். 12ஆம் தேதி பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்தில் உலகத் தலைவர்கள் கூடி நினைவுத் திருப்பலியில் பங்கேற்றார்கள். டி கோல் அங்கே இல்லை. அவருடைய பெட்டியைக் கொலம்பே கிராமத்து இளைஞர்கள் சுமந்து போய், மகள் பக்கத்தில் வைத்தார்கள்.

இவோன் 1979 நவம்பர் 8ஆம் தேதி பாரிஸில் இறந்தார். கணவரின் ஒன்பதாவது நினைவு நாளுக்கு ஒரு நாள் முன்பு. அவரையும் அதே கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். மிலோன் லா சப்பேலில் ஆன் பெயரில் தொடங்கிய அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. அறக்கட்டளையின் கீழ் வேறு இல்லங்களும் வந்துவிட்டன.